கூரை வெளியில்தான் இருக்கிறது

அக்கா,

இதை எழுதும்போதும் விரலை விட்டு மைதாப் பசை வாசனை போகவில்லை. பேத்தி வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூங்கில் சிம்பில் நட்சத்திரம் கட்டிக் காகிதம் ஒட்டினேன். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடலாமா என்று பேத்தி கேட்டாள். போடாதே, அது விஷம், சின்னது விரலை வாயில் வைக்கும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உங்கள் குரல் என்று தெரிந்தது. நீங்கள் போன பிறகும் டிசம்பர் மாதம் வந்தால் என் வாயில் நீங்கள்தான் பேசுகிறீர்கள்.

இப்போது டிசம்பர் பிறந்தாலே செல்போனில் ஒரு தகவல் வந்துவிடுகிறது. பண்டிகை நாட்களில் பிள்ளைகளைப் பாதுகாப்பது எப்படி என்று. மெழுகுவத்தியைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பிள்ளைகளை வீட்டில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள் என்று பூப்படம் போட்டு அனுப்புகிறார்கள். என் மகனே அனுப்புகிறான். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதையே நீங்கள் சொன்னதற்குத்தானே அக்கா உங்களைப் பூசை நடுவில் முழங்காலில் நிறுத்தினார்கள்?

நாம் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே கொல்லைக்கு வந்தவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் அறுப்பதும் மிராசுதார் வயலில். ஆட்சி மாறிவிட்டது, இனி நம் காலம் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். அறுப்புக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டபோதுதான் யார் காலம் என்று தெரிந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று, கிழக்கே ஓர் ஊரில், கூலி கேட்ட சனங்களைப் பெண்டு பிள்ளையென்று பாராமல் அடைக்கலம் புகுந்த குடிசையோடு வைத்துக் கொளுத்தினார்கள். அந்தச் சேதி வந்த நாளிலிருந்து நம் தெருவில் எந்தத் தாயும் நிம்மதியாகக் கண்மூடவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ் நெருங்கியது. கூலித் தகராறு முற்றி, ஆண்கள் போலீசுக்குப் பயந்து கோரைக்காட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். மிராசுதாரின் காரியக்காரர் தெருமுனையில் நின்று, திருநாளுக்கு முந்தின நாள் அறுப்புக்கு வராத பெண்பிள்ளைகள் இனி எந்த நாளும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேண்டுமென்றே அந்த நாளைப் பிடித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பலகாரத்துக்கு மாவிடிக்க வேண்டிய நாள் அது. பிள்ளைகள் களிமண்ணில் மாடும் ஆடும் செய்து குடில் கட்ட வேண்டிய நாள்.

அன்றைக்குப் பிள்ளைகளை எங்கே விடுவது என்று, வெளியூர்ச் சாமியார் வராத நாட்களில் நமக்குச் செபம் சொல்லிவைக்கும் உபதேசியார் வேதக்கோயிலில் கூட்டம் போட்டார். கோயில் என்றால் என்ன, மண்சுவரும் கீற்றுக் கூரையும்தான். ஆனால் தெருவிலேயே பலகைக் கதவு உள்ள ஒரே கட்டடம் அதுதான். வயலுக்குப் போகிற நாம் பிள்ளைகளை வீட்டில் விட்டு வெளியே சங்கிலி மாட்டிவிட்டுப் போவது காலங்காலமாக உள்ள வழக்கம். குளத்தில் விழாது, பாம்பைத் தொடாது. அதே வழக்கத்தைப் பெரிதாக்கி ஒரு யோசனை சொன்னார் உபதேசியார். தெருப்பிள்ளைகள் எல்லோரையும் கோயிலில் சேர்த்து வைப்பது. பகலெல்லாம் அவரே பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். பொழுது சாய, ராப்பூசைக்குச் சாமியாரை அழைத்துவர அவர் ரோட்டுக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போவார். வெளியாள் ஒருவனும் உள்ளே நுழைய முடியாது. எல்லோருக்கும் அது சரியென்று பட்டது.

நீங்கள் எழுந்தீர்கள். அந்தக் கோயிலில் பெண்பிள்ளை எழுந்து பேசி அதுவரை நான் பார்த்ததில்லை.

"வெளியாளு எதுக்கு உள்ள வரணும்? கூரை வெளியிலதானங்க இருக்கு?"

உபதேசியார், நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசாதே, ஆண்டவர் வீட்டுக்கு ஒன்றும் வராது என்று அதட்டினார். கோரைக்காட்டிலிருந்து இருட்டில் வந்திருந்த உங்கள் புருஷனே உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவ்வளவு பெரிய கொடுமை நடந்து வருடம் திரும்பவில்லை. அதிலிருந்து நம் ஆட்கள் கற்றுக்கொண்ட பாடம், நல்ல கதவாகப் பார்த்துப் பூட்ட வேண்டும் என்பது. இன்றைக்கு நினைத்தாலும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அறுப்பு நாள் காலையில் நீங்கள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டீர்கள். நான் நம்பிவிட்டேன். என் பெரியவனையும் சின்னவளையும் கோயிலில் விட்டுவிட்டு வயலுக்குப் போனேன்.

வெயில் தாழ்ந்து, கட்டுகளைக் களத்தில் சேர்த்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். தெருப்பக்கம் புகை. அடுப்புப் புகை இல்லை, கீற்று எரிகிற கறுப்புப் புகை. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினோம். வரப்பில் கால் நிற்கவில்லை, சேற்றில் விழுந்து எழுந்து ஓடினோம். பூட்டு, பூட்டு என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. சாவி ரோட்டுக்குப் போன மனுஷன் மடியில். வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடுகிற எங்களைப் பார்த்துக் காரியக்காரர், நெற்கட்டை யார் தூக்குவது என்று கத்தினார். அந்தச் சத்தத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

கோயில் கூரை முழுதும் எரிந்து உள்ளே சரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தெருக்கோடிப் புளியமரத்தடியில் நின்றார்கள். ஒருவரும் குறையவில்லை. நீங்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைத் தொட்டு நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு பலகை. பலகைமேல் வைக்கோல் பரப்பிய குடில். களிமண் மாடு, ஆடு, மூன்று ராஜாக்கள். அது கோயில் கதவு என்பது எனக்கு உடனே புரியவில்லை.

உபதேசியார் தலை மறைந்ததும் நீங்கள் கடப்பாரையோடு போய்க் கீலையும் நாதாங்கியையும் நெம்பிக் கதவைக் கழற்றியிருக்கிறீர்கள். பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிவந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமே, கழற்றிய கதவைக் குடிலுக்கு மேடையாகப் போட்டிருக்கிறீர்கள். குடில் கட்டிக்கொண்டிருக்கும்போதே கூரை பிடித்துக்கொண்டது. கூரை இறவாணத்தில் உபதேசியார் கட்டித் தொங்கவிட்ட காகித நட்சத்திரத்துக்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. புறப்படும்போது ஏற்றிவைத்துவிட்டுப் போனவர் அவர்தான்.

பிறகு வந்தார்கள் பாருங்கள். தீ வைத்தது மிராசுதார் ஆட்கள் என்றார்கள் கூலிக்காகக் கொடி பிடித்தவர்கள். கொடிக்காரர்களே வைத்துக்கொண்டார்கள் என்றார் மிராசுதார். போலீஸ் வந்தது, வெள்ளை வேட்டிகள் வந்தன. யார் வைத்தது என்பதில் எல்லோருக்கும் அக்கறை. பிள்ளைகள் எப்படி வெளியே வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மெழுகுவத்தியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது எந்தப் பக்கத்துக்கும் பயன்படாத உண்மை.

கேட்டது ஒரே ஒருவர், சாமியார். அவரும் கோயில் கதவை உடைத்தது யார் என்றுதான் கேட்டார். அடுத்த ஞாயிறு, கூரையில்லாத கோயிலில், பூசை முடியும்வரை உங்களை முன்னால் முழங்காலில் நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேள் என்றார் உபதேசியார்.

"பூட்ட நான் தொடவே இல்ல சாமி. பூட்டு பூட்டினபடியேதான் இருக்கு. கதவ மட்டுந்தான் எடுத்தேன்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்கும் சேர்த்து உங்களைத் திட்டினார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் முழங்காலில் நான் எண்ணெய் தடவியபோது, "விடு, புள்ளைங்க இருக்குல்ல" என்றீர்கள். விட உங்களால் முடிந்தது. என்னால் முடியவில்லை.

விட நினைத்தாலும் அவர்கள் விடவில்லை. புதுக் கோயில் கட்டினார்கள், ஓடு போட்டார்கள், பிறகு காங்கிரீட் போட்டார்கள். பாலன் இயேசு வானத்திலிருந்து சம்மனசை அனுப்பிக் கதவைத் திறந்து பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று கதை கட்டினார்கள். வருடா வருடம் அதற்கு நன்றிப் பூசை. உபதேசியார் படம் மாலையோடு சுவரில் தொங்குகிறது. பாலன் இயேசுமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை அக்கா. கடப்பாரை பிடித்த, காய்த்துப்போன கையை மறைக்க அவரை இழுக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நீங்கள் உயிரோடிருந்த வருடங்களிலும் அந்தப் பூசையில் நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இந்த வருடம் அதை நாடகமாகப் போட்டார்கள். ஒத்திகைக்குக் கொள்ளுப்பேரனைக் கூட்டிப்போனேன். அட்டைச் சிறகு மாட்டிய ஒரு சின்னப் பெண் அட்டைக் கதவைத் தள்ளித் திறக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. சம்மனசும் இல்லை, ஒன்றுமில்லை, என் ஓர்ப்படி என்று எழுந்து சொன்னேன். நாடகம் நடத்துகிறவன் உபதேசியாரின் பேரன், நல்ல படிப்பாளி. இப்ப போய்க் கதையை மாத்த முடியாது ஆயா, சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் புரியும் என்று மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் சிறகு மாட்டிய பெண் என்னிடம் வந்து, அவங்க பேரு என்ன என்று கேட்டாள். சொன்னேன். எதால திறந்தாங்க என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் நாடகம். கோயில் நிரம்பிக் கூட்டம். அந்தப் பெண் சிறகோடு வந்து கதவைத் தள்ளினாள். "நான் ஆண்டவரின் தூதர்" என்று சொல்ல வேண்டிய இடம். அங்கே உங்கள் பெயரைச் சொன்னாள், தெளிவாக, அப்பன் பெயரையும் சேர்த்து.

கூட்டத்தில் முணுமுணுப்பு. உபதேசியாரின் பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெரியவன், அன்றைக்கு அந்தப் பூட்டுக்குள் இருந்தவன், இன்றைக்கு ரிட்டையர் ஆகித் தலை நரைத்தவன், குனிந்து என் காதில், "பெரியம்மா பேர எதுக்கும்மா இங்க இழுக்கிற, எல்லாரும் பாக்கிறாங்க" என்றான்.

பார்க்கட்டும் என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம் அக்கா. இத்தனை வருடமாக நான் சுமந்துகொண்டிருப்பது இது ஒன்றுதான், போகும்போதும் இதோடுதான் போவேன் போலிருக்கிறது. அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அவங்க பேரச் சொல்றப்ப நீ உக்காந்திருக்கக் கூடாதுடா. எழுந்து நில்லு."

நின்றான்.