கட்டில் இருந்த இடத்தில் மிளகாய்

உ

திருப்பூர்
5.10.2025, ஞாயிறு

அன்புள்ள மகள் சுபஸ்ரீக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். ஹாலிபாக்ஸில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், அங்கே நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். நினைத்த நேரத்தில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் உன் குரல் கம்மினால் நான் சரி கண்ணு, உன் இஷ்டம் என்று சொல்லிவிடுவேன், இருபத்து நான்கு வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இந்த முறை சொல்லப் போவதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சாயங்காலப் பஜ்ஜியை மட்டும் விடமாட்டேன் என்கிறார். தீபாவளிக்கு முன்னால் அனுப்ப வேண்டிய குழந்தைகள் பனியன் ஆர்டர் ஒன்று ஓடுவதால் கீழே யூனிட்டில் மிஷின் சத்தம் ஓயவில்லை. உன் பெரியாத்தாள் அத்தைக்கு முட்டி வலி அதிகமாகி நடப்பதைக் குறைத்துக்கொண்டார், பேசுவதைக் குறைக்கவில்லை.

இனி உன் அறை விஷயம். போன வாரம் போனில் நீ இரண்டு வார்த்தை சொன்னாய். ஒன்று, "பொங்கலுக்கு வரேன், என் ரூம் என் ரூமா இருக்கணும்னுதானம்மா அப்பாகிட்ட சொன்னேன், அவர் இப்படிப் பண்ணுவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றது. இன்னொன்று, "நான் இல்லாத குறைக்குத்தான் நீ செடி வளக்கற, எனக்குப் புரியுதும்மா" என்றது. முதல் வார்த்தையை நான் மன்னித்துவிட்டேன். இரண்டாவதற்குத்தான் இந்தக் கடிதம்.

எப்படி ஆரம்பித்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். போன வருடம் ஆர்டர் குறைந்து அப்பா பாதி மிஷினைக் கொடுத்துவிட்டபோது, செக்கிங் மேசைகளுக்கு மேல் தொங்கிய எல்இடி டியூப் லைட்டுகள் எட்டு, குடோனில் தூசி படிந்து கிடந்தன. கீழே செக்கிங்கில் இருக்கிறாளே ராமுத்தாய், ராமநாதபுரத்துக்காரி, அவள் ஊருக்குப் போய்வந்து ஒரு பை குண்டு மிளகாய் வற்றல் கொடுத்தாள். ஒன்றை உடைத்ததும் உள்ளங்கையில் விதை விழுந்தது. மாடியில் போடலாம் என்றால் பக்கத்துக் கட்டடம் நான்கு மாடி எழும்பி நம் வெயிலை மறைத்து நிற்கிறது, மிச்சமிருந்த இடத்திலும் அப்பா தகர ஷீட் போட்டு நூல் கோன் பெட்டிகளை அடுக்கியாயிற்று. உன் அறையில் கட்டில் போக இந்தப் பக்கம் பாதி காலியாக இருந்தது. அங்கே லைட்டைத் தொங்கவிட்டால் என்ன என்று தோன்றியது. நான் பி.எஸ்சி. தாவரவியல் என்பது உனக்கு, ஏதாவது படிவத்தில் தாயின் கல்வித் தகுதி என்ற கட்டம் வரும்போது மட்டும்தான் ஞாபகம் வரும். எனக்கு அன்றைக்கு ஞாபகம் வந்தது.

உடுமலையிலிருந்து தென்னை நார்க்கழிவு வாங்கி, வெட்டிய பீஸ் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் கூடைகளில் நிரப்பி, பதினெட்டுச் செடி வைத்தேன். நம் போர்த் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் இலை கருகும் என்பதால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன். தப்புகளும் செய்தேன். லைட்டுகளை இடுப்பு எலாஸ்டிக்கில் கட்டித் தொங்கவிட்டேன், அது பாரம் தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் லைட்டு செடியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. பிறகு காட்டன் டேப்பில் கட்டி, செடிக்கு மேல் ஒரு ஜாண் இடைவெளி விட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, லைட்டை அணைக்கவே இல்லை. மிஷின் நின்றால் நஷ்டம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த புத்தி அல்லவா, செடிக்கும் பகல் ஷிப்ட் நைட் ஷிப்ட் இரண்டும் கொடுத்துவிட்டேன். செடி இலையாகத் தள்ளியது, வைத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. இருட்டும் அதற்குச் சாப்பாடு மாதிரிதான் என்று கல்லூரியில் படித்தது ஒரு மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை. கீழே தையல்காரர்கள் கிளம்பும்போது மேலே செடிகளுக்கும் லைட் அணையும். பூ உதிராமல் நின்றது. அறைக்குள் தேனீ ஏது, ஓவர்லாக் மிஷினில் பஞ்சு தட்டுகிற பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவையும் நானே தடவி விட்டேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அம்சா, பூவுக்குத் தூசி தட்டறயா" என்று சிரித்தார். முதல் காயை ராமுத்தாய் கடித்துப் பார்த்துக் கண்ணில் நீர் விட்டபடி, "எங்க ஊரு காரம் அப்படியே இருக்குக்கா" என்றாள். அத்தை மட்டும் சோபாவில் உட்கார்ந்து, "ஏனம்மிணி, வெயிலுக்கா பஞ்சம் வந்துருச்சு நம்மூர்ல? கரண்டு போட்டு மொளகா வளத்தறவள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். நான் இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை.

அத்தையின் அந்த வார்த்தைதான் அப்பா மனதில் தங்கிவிட்டது. ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்கு நான் மட்டும் மூலனூர் போயிருந்தேன். நீ அறையைக் கேட்டுப் போன் செய்தது அதற்கு முந்தின நாள். அப்பா காலையிலேயே இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பதினெட்டுக் கூடையையும் கீழே இறக்கி, யூனிட் வாசலில் சிமெண்ட் தரையில் வரிசையாக வைத்துவிட்டார். மதியம் மூன்று மணிக்கு முருங்கைக்காய்ப் பையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினேன். பிறந்ததிலிருந்து வெயிலையே பார்க்காத இலைகள், கண்ணு. பழக்க வேண்டுமென்றால் முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம் என்று வெளியே வைத்து எடுக்க வேண்டும். ஐந்து மணி நேரத்தில், பிளீச்சிங் அதிகமான துணி மாதிரி இலையெல்லாம் வெளுத்துத் தொங்கின. பிஞ்சுகள் ஒரு பக்கம் வெந்து போயிருந்தன. அப்பா பெருமையாகத்தான் நின்றார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "புள்ள ஆசப்பட்டு ரூமக் கேக்குது. செடி எங்க இருந்தா என்ன, வெயில்ல இன்னும் நல்லாத்தான வளரும்" என்றார். "எங்க இருந்தா என்னன்னு கேட்டீங்கல்ல, குனிஞ்சு பாருங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். ராமுத்தாய்க்கு அன்று லீவு, சொல்லி அனுப்பியதும் வந்தாள். "தண்டு பச்சையாத்தான் இருக்குக்கா, பிடுங்கிராதீக" என்று சொல்லிக்கொண்டே என்னோடு சேர்ந்து மாடிப்படி ஏறி இறங்கினாள். ஏழு செடி பிழைத்தது. பதினொன்று வெறும் குச்சி.

அதுவரை உன் கட்டில் அந்த அறையில்தான் இருந்தது. நீ வரும்போது கூடைகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து உனக்கு இடம் விடத்தான் நினைத்திருந்தேன், என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. மறுநாள் கட்டிலைப் பிரித்துக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். கட்டில் இருந்த இடத்தில் இன்னும் முப்பது கப்பில் விதை போட்டேன். கதவுக்குப் பூட்டு வாங்கிச் சாவியை என் செயினில் கோத்துக்கொண்டேன். அத்தை, "பொண்ணு ரூமப் பூட்டி வெக்கற தாய எங்காச்சும் கண்டீங்களா" என்று நான்கு வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். அதுவும் பரவாயில்லை. ஆனால் அதே அத்தை பிறகு குரலை இறக்கி, "பாவம், புள்ளையப் பிரிஞ்ச ஏக்கம், அதான் இப்படி" என்று எனக்காகப் பரிந்து பேசினார் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீயும் அதையே சொல்கிறாய்.

நன்றாகக் கேட்டுக்கொள் சுபா. உன்னை நினைத்து நான் ஒரு செடியும் வைக்கவில்லை. உன்னை நினைக்கிறேன், அது வேறு, அதற்குக் கூடையும் லைட்டும் வேண்டாம், ரசம் தாளிக்கும்போதும் நினைக்கிறேன். மிளகாய் வளர்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நேற்று இல்லாத மொட்டை இன்றைக்கு எண்ணுவது பிடித்திருக்கிறது. ஒரு பெண் தனக்குப் பிடித்ததைச் செய்தால் அதற்கு ஒரு துக்கத்தைக் காரணமாகத் தேடிக் கண்டுபிடித்தால்தான் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கிறது. எனக்கு நாற்பத்தாறு வயது, துக்கமெல்லாம் இல்லை. இந்த வீட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. கூடம் எல்லோருக்கும் பொது, சமையலறைக்குக் கதவே கிடையாது, படுக்கையறை பீரோவில் பாதிக்கு அப்பாவின் சாம்பிள் துணி. கதவைச் சாத்திக்கொள்ளும் பாத்தியதை இந்த வீட்டில் உனக்கு மட்டும்தான் இருந்தது. அதை நான் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். பத்தாவது படிக்கும்போது கதவில் ஒரு தாள் ஒட்டினாயே, "தட்டிவிட்டு வரவும்" என்று, சிவப்பு மையில். அப்பா சிரித்தார். நான் தட்டினேன். பால் டம்ளர் ஆறி ஆடை கட்டும்வரை நின்று தட்டிவிட்டுத்தான் வந்தேன். உள்ளே தனியாக உட்கார்ந்து அப்படி என்னதான் செய்கிறாள் என்று அப்போதெல்லாம் யோசிப்பேன். இப்போது தெரிந்துவிட்டது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

குச்சிகள் பதினொன்றில் ஐந்து துளிர்விட்டன. ஆறு போய்விட்டன, அந்த ஆறு கூடையிலும் புது நாற்று வைத்துவிட்டேன். முந்தாநாள் சாயங்காலம் பூக்களுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. யார் என்றேன், "நான்தான் அம்சா, உள்ள வரலாமா" என்றார் அப்பா. நான்கு செடி பாக்கி இருந்தது, முடித்துவிட்டுத்தான் திறந்தேன். கையில் ஒரு டைமர் வைத்திருந்தார், எலக்ட்ரீசியனிடம் கேட்டு வாங்கி வந்தாராம், எட்டரைக்குத் தானே போட்டுத் தானே அணைக்குமாம். வாங்கி மாட்டிவிட்டேன். சாவி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. கட்டிலைக் கூடத்தில் ஜன்னல் பக்கம் மறுபடி சேர்த்துப் போட்டு வைக்கிறேன், நீயும் நானும் அதில் படுத்துக்கொள்ளலாம், அப்பா குறட்டையோடு தனியாக இருக்கட்டும். உன் புத்தகங்களும் ஷீல்டுகளும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே காலுக்குக் கம்பளி சாக்ஸ் போடாமல் இருக்காதே, காலைச் சாப்பாட்டை விடாதே, வரும்போது எனக்கென்று எதுவும் சுமந்து வராதே. நம் குலதெய்வம் உன் கூடவே இருக்கட்டும். நீ கேட்கிறதெல்லாம் உனக்குக் கிடைக்கட்டும், இந்த ஒன்றைத் தவிர.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ ஒட்டிய தாளை நான் கிழிக்கவில்லை, ஓரம் மட்டும் பிய்ந்திருந்தது, டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். செடிகளைப் பார்க்க ஆசைப்பட்டால் தட்டிவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்சவேணி, பி.எஸ்சி., தாவரவியல்