பூட்டை உடைக்காத டி.ஜே.

ஜூன் 4, செவ்வாய்

மருமகளின் அறையிலிருந்து காலை முழுவதும் ஒரே இடி. அலமாரியில் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கதவைத் தட்டினேன், பலனில்லை. திறந்தேன். காதில் ஹெட்போன், மேசையில் இரண்டு வட்டத் தட்டுகள் வைத்த கன்ட்ரோலர், எதிரே மடிக்கணினி. திரையின் நடுவில் சிவப்பாக ஓர் அறிவிப்பு: உரிமம் செல்லாது.

"என்னம்மா இது?"

"அது அப்படித்தான் அடிக்கடி வரும் அத்தை. மூடிட்டா போயிடும்."

"இதை எங்கே வாங்கினே?"

"வாங்கலை. தெரிஞ்சவர் ஒருத்தர் உடைச்சுக் குடுத்தார்."

முட்டை உடைத்த கதைபோல் சொல்கிறாள்! பிறர் போட்ட பூட்டை உடைத்து எடுத்த மென்பொருள். அதை வைத்துக்கொண்டு டி.ஜே. என்று பெயர்ப்பலகை வேறு.

சொல்லிவிட்டேன்: திருட்டுச் சாமான் என் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. இன்றே அழித்துவிடு.

மகனிடம் முறையிட்டாள். அவன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். "இந்த வழக்குல நான் சாட்சி மட்டும்தான்" என்று தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஜூன் 5, புதன்

அழித்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில்தான் வாய் திறந்தாள்.

"பதினஞ்சாம் தேதி அந்த விழா ஹால்ல எனக்கு வெள்ளோட்டம். அவங்களுக்குப் பிடிச்சுட்டா நிரந்தரமா நான்தான் அங்க டி.ஜே. இல்லேன்னா ஒண்ணாம் தேதி பழைய இன்சூரன்ஸ் ஆபீசுக்கே போறேன்னு உங்க பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். சாஃப்ட்வேர் வாங்க இப்ப வழி இல்லை. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். நீங்க வேணும்னேதான் பண்றீங்க அத்தை."

வேணும்னே! என்னைப் பார்த்து!

அவள் அந்த அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் நினைப்பது உண்மை. கழுத்தில் அடையாள அட்டை, மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிறு விடுமுறை — இதை விட்டுவிட்டு எவளாவது தட்டுச் சுற்றப் போவாளா? ஆறு மாதமாக முகத்துக்கு நேரே சொல்லி வருகிறேன். முகத்துக்கு நேரே. பின்னாலிருந்து காலை வாரிவிடும் வழக்கம் என்னிடம் கிடையாது.

நல்லது. திருடாத மென்பொருளை நானே தேடிக் கொண்டுவருகிறேன். அப்புறம் பேசட்டும்.

ஜூன் 6, வியாழன்

கணினி பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரி சிறு பெண் அல்ல, நாற்பது இருக்கும். சட்டையில் ஒரு குண்டுப் பென்குயின். மருமகளின் மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தாள்.

"விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாம் ஆன்ட்டி. அதுல மிக்ஸ்னு ஒரு டி.ஜே. சாஃப்ட்வேர் ஓடும். ரெண்டுமே ஃப்ரீ."

நான் இவளுக்கு எந்த வழியில் ஆன்ட்டி? இருக்கட்டும். "ஃப்ரீன்னா? அது யார் வீட்டுப் பூட்டு?"

"பூட்டே கிடையாது. எழுதினவங்களே கதவைத் திறந்து வெச்சுட்டாங்க. எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. கான்வென்ட்டில் இலவசச் சீருடை வாங்குகிற பெண்கள் தனி வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை போன வராந்தா இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

"தானம் நான் வாங்கறதில்லை" என்றேன்.

"தானம் யாரும் போடலை ஆன்ட்டி. ஆளுக்குக் கொஞ்சம் வேலை செஞ்சு வெக்கறாங்க. நீங்களும் செய்யுங்க."

"இந்த வயசிலயா?"

"கண்ணு தெரியுதுல்ல?"

திமிர் பிடித்தவள். பிடித்திருந்தது. உரிம வாசகத்தைக் கேட்டு வாங்கி, முக்காலியில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தேன். பிறகுதான் போடச் சொன்னேன். "இதை முழுசா படிச்ச ஆளை இன்னைக்குத்தான் ஆன்ட்டி பார்க்கறேன்" என்றாள்.

ஜூன் 7, வெள்ளி

மிக்ஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் கடைசியில் மூன்று எக்ஸ். என் விடைத்தாளில்கூட மூன்று எக்ஸ் சேர்ந்து விழுந்ததில்லை. பொறுத்துக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

கன்ட்ரோலரின் இடது தட்டு சுற்றுகிறது; பாட்டு அசையவில்லை. "பார்த்தீங்களா அத்தை, ஃப்ரீன்னா இப்படித்தான்" என்றாள் மருமகள். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

மிக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்க இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்' என்று தொடங்கி, பழுதைப் பத்தி பிரித்து எழுதினேன். காபி ஆறுவதற்குள் பதில்: 'இங்கே ஐயா யாரும் இல்லை, நான் பஸ் ஓட்டுகிறேன். என்னிடமும் அதே கன்ட்ரோலர்தான். அதற்காக நான் எழுதிய கோப்பு இது. போட்டுப் பாருங்கள்.'

போட்டோம். தட்டோடு பாட்டும் சுற்றியது. மருமகள் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல, தட்டைப் பார்த்து. இருந்தாலும்.

முன்பின் தெரியாத பஸ்காரர். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. இந்தக் கடனை எங்கே கொண்டுபோய் அடைப்பது?

ஜூன் 11, செவ்வாய்

இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் தனியாகக் கேட்டு, வேகத்தைச் சரிசெய்து, தாளம் தாளத்தின்மேல் விழும் நொடியில் உள்ளே விடுகிறாள். கான்வென்ட்டில் பாட்டுக் குழுவை நடத்திய கொயர் சிஸ்டர் எங்களை இரண்டு அணியாக நிறுத்திச் செய்ததும் இதுதானே? ஓர் அணி முடிப்பதும் மற்றது தொடங்குவதும் யாருக்கும் தெரியக் கூடாது.

இதற்காகவா ஆறு மாதம் தலைவலி மாத்திரை விழுங்கினேன்?

அவள் குளிக்கப் போனபோது நானே இரண்டு பாட்டைச் சேர்த்துப் பார்த்தேன். சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள்போல இரண்டும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. சட்டென்று அணைத்துவிட்டேன். கேட்டிருப்பாளோ?

ஜூன் 14, வெள்ளி

ஹாலுக்கு ஒரு வழி, ஹெட்போனுக்கு ஒரு வழி — ஒலி இரண்டாகப் பிரிய வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் ஏற்பாடு அங்கே போதாதாம்; பென்குயின்காரி கட்டைவிரல் அளவில் ஒரு யு.எஸ்.பி. ஒலிக்கருவி கொடுத்தாள். கையேட்டைப் படித்து அமைப்பு எல்லாம் நானே செய்தேன். நாளை ஒயர்களையும் நானே சொருகுகிறேன், நீ தொடாதே என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு தம்பதியின் திருமண வெள்ளி விழா. ஹால் நிறையக் கூட்டம். மருமகள் மேசைக்குப் பின்னால், நான் அவளுக்குப் பின்னால் நாற்காலியில், மடியில் கைப்பை. முதல் பாட்டு இரண்டு வழியிலும் போய்க்கொண்டிருந்ததால் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த பாட்டைத் தனக்கு மட்டும் கேட்கவென்று அவள் எடுத்தாள் — ஹாலுக்கே விக்கல் எடுத்தது. தொடக்கம், நிறுத்தம், மறுபடி தொடக்கம், மறுபடி நிறுத்தம். அந்தரங்கமாக ஹெட்போனில் கேட்க வேண்டியது அத்தனையும் ஊருக்கே கேட்கிறது.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகியிருக்கிறேன். நான். கையேடு படித்த நான்.

மாற்றிப் போடக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் ஒலியை அடக்காமல் பிடுங்கினால் ஸ்பீக்கர் வெடிப்பதுபோல் கத்தும். அடக்கினாலோ ஆட்டம் செத்துவிடும்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தாளம் போட்டேன். "எல்லாரும் தட்டுங்க! ம்... ஒண்ணா!" கொயர் சிஸ்டரின் அதே அதட்டல். விழாத் தம்பதி முதலில் தட்டினார்கள். பிறகு ஹால் முழுவதும். பாட்டு அடங்கியது, தாளம் அடங்கவில்லை. மருமகள் மேசைக்கு அடியில் ஒயர்களை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"விட்டுடாதீங்க அத்தை!"

நானா விடுவேன்? முன்வரிசையில் ஒருவர் தாளத்தை முந்தித் தட்டப் பார்த்தார். ஒரு முறை முறைத்தேன், சரியாகிவிட்டார். அடுத்த பாட்டு எங்கள் கைத்தட்டலின்மேல் வந்து பொருந்தியபோது கூட்டம் கூவிய கூவல் — என் எழுபது சொச்ச வயதில் எனக்காக யாரும் அப்படிக் கூவியதில்லை.

முடிந்ததும் ஹால் மேலாளர் வந்தார். "அந்தக் கைத்தட்டு ஐட்டம் பிரமாதம்மா! யாரோட ஐடியா?"

மருமகள் என் முழங்கையை அழுத்தினாள். அழுத்தியதன் பொருள் எனக்குத் தெரியாமல் இல்லை.

"ஐட்டம் இல்லை. நான் ஒயரை மாத்திச் சொருகிட்டேன். இவமேல தப்பு இல்லை" என்றேன்.

அவர் சிரிப்பு மடிந்து உள்ளே போனது. "யோசிச்சுச் சொல்றேன்."

காரில் மருமகள், "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன அத்தை?" என்றாள். மகன் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினான். போடாத வித்தைக்குப் புகழ் வாங்கினால் அதுவும் களவுதானே என்று கேட்க நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். காலம் கடந்துதான்.

ஜூன் 18, செவ்வாய்

மருமகள் அலுவலகச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். ஆறு மாதமாக நான் கேட்ட காட்சி. பார்க்கப் பிடிக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. என்ன கண்றாவி அமைதி இது!

நான் சும்மா இருந்திருக்கலாமோ?

இல்லை. முடியாது. ஆனால் இருந்திருக்கலாமோ?

ஜூன் 20, வியாழன்

விழா எப்படிப் போயிற்று என்று மன்றத்தில் பஸ்காரர் கேட்டிருந்தார். மறைக்காமல் எழுதினேன். விழுந்து விழுந்து சிரித்ததாகப் பதில். அவருக்கும் இதே விக்கல் வந்திருக்கிறதாம். 'எந்த ஒயர் எங்கே என்று ஒரு படம் வரைந்து போடுங்களேன், புதிதாக வருகிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.'

அடிக்கோல் வைத்து வரைந்தேன். ஹாலுக்குச் சிவப்பு, ஹெட்போனுக்கு நீலம். மகன் அதைப் படம் பிடித்து மன்றத்தில் ஏற்றிக் கொடுத்தான். சாட்சிக்கூண்டிலிருந்து முதல் முறையாக இறங்கி வந்திருக்கிறான்.

எங்கிருந்தோ ஒருவர் நன்றி சொல்லியிருக்கிறார். முதுகு இயல்பாக இருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

ஹால் மேலாளர் கூப்பிட்டாராம். மருமகள் அவரைப் போலவே பேசிக் காட்டினாள்: "பழைய டி.ஜே. எது கெட்டாலும் எங்க ஒயரிங் சரியில்லைம்பாரும்மா. அவர் பேச்சைக் கேட்டுச் சுவரையே தோண்டினோம். தப்பு தன்னோடதுன்னு சொன்ன முதல் ஆளு உங்க மாமியார்தான். மூணு மாசம் பண்ணுங்க, அப்புறம் பார்க்கலாம்."

அவள் கேட்டது நிரந்தரம். கிடைத்தது மூன்று மாதம். ஆனாலும் அறையில் குதித்தாள். சத்தம் கேட்டது.

எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. "சனிக்கிழமை நீங்க ஒயர் பக்கமே வரக் கூடாது அத்தை" என்றாள். இதைவிடப் பாசமாக அவள் என்னிடம் பேசியதில்லை.

ஜூலை 1, திங்கள்

காலையில் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கிறார்களாம். வரவில்லை என்று இவள் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? ஒழுங்கே கிடையாது. வரட்டும், கேட்கிறேன்.

"அவங்க வீட்ல இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

"இல்லையே, வேலைக்குப் போயிருக்கா" என்றேன்.