மூன்றாம் அமர்வில் முத்துச்செல்வி

29.4.2025, செவ்வாய்

எங்கள் விளாங்குடி குடும்ப ஆதரவு மையத்துக்கு இன்று புதிய குடும்பம் ஒன்று வந்தது. அழகுபாண்டி, காளவாசலில் மிக்சி பழுதுபார்க்கும் கடை, மனைவி மீனா, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியுள்ள மகள் முத்துச்செல்வி. பெற்றோரிடையே ஓயாத சண்டை. அது மகளின் படிப்பைக் கெடுப்பதால் அவளைத் திருச்சியில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க எண்ணம். இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மகளின் கருத்தை எழுதித் தர வேண்டியது ஆலோசகனான என் பொறுப்பு. பெற்றோரை வெளியே அமர்த்திவிட்டு, நான் வடிவமைத்த படிவத்தின் இருபத்து நான்கு வினாக்களையும் வாசித்தேன். கிடைத்த பதில்கள்: பூஜ்யம்.

6.5.2025, செவ்வாய்

இரண்டாம் அமர்வு. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். குறிப்பிடத்தக்கதாக அதில் ஒன்றும் இல்லை.

12.5.2025, திங்கள்

மூன்று அமர்வுகளிலும் பதில் இல்லையெனில் 'ஆட்சேபம் இல்லை' என்று பதிய வேண்டும் — விதி ஒன்பது. நாளை மூன்றாவது. அவள் வாய் திறக்காவிட்டால் திருச்சிதான். பேசாத பிள்ளை சம்மதிச்சிருச்சுன்னு எவன் எழுதிவச்சான்? நான்தான்.

என் மனைவி வாலாம்பாள் படிவத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "ஏன்னா, இருபத்துநாலு கேள்வியா? எனக்கே பேச்சு நின்னுடும்."

13.5.2025, செவ்வாய்

விதி ஒன்பதை முத்துச்செல்விக்கு வாசித்துக் காட்டினேன். அவள் படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல நீங்க எழுதுங்க சார்."

ஆலோசகர் தம்மைப் பற்றிப் பேசலாகாது என்று விதி உண்டு. எழுதலாகாது என்று இல்லை. இருமுறை சரிபார்த்த பின்னரே பேனாவை எடுத்தேன். பதினேழாம் வினா: உங்களைக் கேட்காமல் வீட்டில் எடுக்கப்பட்ட முடிவு எது? 'வீட்டுக்கு ரோஸ் நிறம் அடித்தது' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தாள்.

"வீடு முழுசுமா சார்?"

"கேட் உட்பட."

மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் நிமிர்ந்தாள்.

"சண்டை போடுறது அவுங்க ரெண்டு பேரு. வீட்டை விட்டுப் போறது நானா? அவுங்களைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல சேருங்க சார்."

"இதை அப்படியே எழுதலாமா?"

"எழுதுங்க. அடிக்கோடும் போடுங்க."

அளவுகோல் வைத்துப் போட்டேன்.

15.5.2025, வியாழன்

அவள் அனுமதியுடன், பெற்றோர் முன்னிலையில் வாசித்தேன்.

"எம் மக இம்புட்டுப் பேசுவாளா!" என்றார் அழகுபாண்டி.

"நாம கத்துற கத்துல அவ பேசுனா எங்க கேக்கும்?" என்றார் மீனா.

பதிலடி கொடுக்க வாய் திறந்த அழகுபாண்டி, மகளைப் பார்த்தார், மூடிக்கொண்டார். விடுதி கைவிடப்பட்டது. சனிதோறும் பெற்றோர் இருவரும் அமர்வுக்கு வருவதாகக் கையொப்பமிட்டனர்.

7.6.2025, சனி

அவர்களது நான்காம் அமர்வு. இடையில் தண்ணீர் எடுக்க வெளியே வந்தேன். பெஞ்சில், அட்டை போட்ட பிளஸ் ஒன் புத்தகத்துடன் முத்துச்செல்வி.

"உள்ள ஒழுங்கா இருக்காங்களா சார்?"

"அமர்வில் நடப்பதை வெளியே சொல்லலாகாது" என்றேன். முகத்தைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. "முன்னேற்றம் தெரிகிறது" என்றும் சொன்னேன்.

"சரி. முடிஞ்சதும் ரெண்டு பேரையும் தனியா விட்டுறாதீங்க சார். நான்தான் கூட்டிட்டுப் போகணும்."