சமையலறை ஜன்னலோரப் பாதை

தம்பிக்கு,

உன் பங்கு நிலத்தை வாங்கப்போகிற நர்ஸ் நேற்று என்னைப் பார்க்க வந்தாள். விவரமான பெண். பெரிய சாலையிலிருந்து உன் நிலத்துக்குப் போகும் வண்டிப் பாதை என் நிலத்துக்குள் கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்தப் பாதை எந்தப் பத்திரத்துலயும் இல்லையேம்மா?"

பாகம் பிரித்தபோது, அக்கா தம்பிக்குள் இதையெல்லாமா எழுதுவார்கள் என்று விட்டுவிட்டோம் என்றேன்.

"அப்ப உங்க தம்பி எந்த உரிமையில இவ்ளோ நாளா போய் வந்தாரு?"

"என் தம்பிங்கிற உரிமையிலதான்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அது இல்லையேம்மா. நாளைக்கு நீங்க வேலி போட்டுட்டா நான் பறந்தா போவேன்?"

நியாயம்தானே.

இன்று பதிவு அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. பாதை உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டேன். நிலம் யார் கைக்குப் போனாலும் இனி பாதையும் கூடவே போகும். நானே நினைத்தாலும் மறிக்க முடியாது. உன் விற்பனைக்கு என்னால் தடங்கல் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

அந்தப் பாதை என் சமையலறை ஜன்னலை ஒட்டிப் போவது உனக்குத் தெரியும். அம்மா போனதிலிருந்து, உன் பைக் சத்தம் கேட்கிறபோதெல்லாம் டீக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடவே வைப்பேன். நீ நிறுத்தாமல் போய்விடுவாய். போகட்டும்.

நிலம் கைமாறிய பிறகு, என் வீட்டைத் தாண்டிப் போக உனக்கு ஒரு இடமும் கிடையாது. எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், என் வாசலில்தான் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

அக்கா