பர்லியாரில் இல்லாத தோட்டம்

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை மதியம், சோற்றில் கை வைத்திருந்தபோது, போன் டிங்கென்றது. இடது கையால் திருப்பிப் பார்த்தேன். நம் வேலைப் பலகை ஆப்பில் நீங்கள் ஒரு குறிப்பு எழுதியிருப்பதாகக் காட்டியது. உங்கள் பெயர், பக்கத்தில் மஞ்சள் சுடிதாரில் நீங்கள் சிரிக்கிற அந்தப் பொட்டளவு படம். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

வேறு யாராவது என்றால் கண் கலங்கியிருப்பார்கள். எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். யாரோ உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். குறிப்பைத் திறக்கக்கூட இல்லை, கை கழுவிவிட்டு உங்கள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

குன்னூர் பஜாரில் மளிகைக் கடை வைத்த குடும்பம் எங்களுடையது. வேலை கேட்டு யார் வந்தாலும் அத்தா முதல் நாளே ஒரு சோதனை வைப்பார். கடையில் இல்லவே இல்லாத ஒரு சாமானின் பெயரைச் சொல்லி, குடோனில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். "இருக்குதுங்க பாய், ஓரமா எடுத்து வெச்சிருக்கேன்" என்று வருபவரை மறுநாள் வர வேண்டாம் என்பார். அதைப் பார்த்து வளர்ந்தவன் கையில்தான் உங்கள் வேலையைக் கண்காணிக்கும் பலகையைக் கொடுத்தார்கள்.

சின்னச் சின்னத் தேயிலைத் தோட்டங்களுக்கு நிழல் மரக் கன்று கொடுத்து, மாதாமாதம் எத்தனை பிழைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் திட்டம். கொலக்கம்பைப் பக்கத்துப் பள்ளங்களில் நீங்கள் ஸ்கூட்டரில் தோட்டம் தோட்டமாகப் போவீர்கள். நான் குன்னூர் ஆபீசில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்ப்பேன். ஒரு தோட்டத்துக்கு ஒரு கார்டு. பார்த்ததும் அதை 'முடிந்தது' கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். யார், எத்தனை மணிக்கு நகர்த்தினார் என்பதையும் பலகை பதிந்து வைத்துக்கொள்ளும். கோவை ஆபீசில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் தினமும் பார்த்தேன்.

நீங்கள் சுற்றக் கிளம்பும் நாள் முழுக்க உங்கள் கார்டு ஒன்றுகூட அசையாது. சாயங்காலம் நாலு பத்துக்குப் பதினொரு தோட்டமும் ஒரே மூச்சில் 'முடிந்தது' ஆகிவிடும். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அங்கெல்லாம் டவர் இல்லைங்க தம்பி. பாக்கறப்பவே போன்ல போட்டுடறேன். டீக்கடை வளைவுக்கு வந்தாத்தான் எல்லாம் மேல போகுது" என்றீர்கள்.

"டீக்கடையில உக்காந்துதான் எல்லாத்தையும் போடறீங்களோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, எல்லார் போன்லயும் சார்ஜ் எறங்குது. உங்க சந்தேகத்துக்கு மட்டும் எறங்கவே மாட்டேங்குது."

நீங்கள் எனக்கு வேண்டாதவர் இல்லை, அக்கா. வருஷா வருஷம் நோன்புக் கஞ்சிக்குத் தூக்கோடு எங்கள் வாசலில் நிற்பீர்கள். 'ஊட்டுக்கு வந்தவளைக் காக்க வெக்கறாங்க பாருங்க' என்று என் மனைவியிடம் கோள் மூட்டுவீர்கள். அப்படிப்பட்டவருக்குத்தான் ஆடி மழையில் ஒரு பொறி வைத்தேன். 'புதுக்காடு தோட்டம், பர்லியார், இரண்டாவது வளைவுக்குக் கீழே, கன்று நாற்பது' என்று ஒரு கார்டு போட்டேன். பெயர், வளைவு, நாற்பது எல்லாம் என் கற்பனை.

அன்றைக்கு அந்தக் கார்டு ஐந்து நாற்பதுக்கு 'முடிந்தது' ஆனது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க நேரத்தைக்கூட மாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

கோவை மேடத்துக்குச் சொன்னேன். மறு வாரம் வீடியோ காலில் கூப்பிட்டு விசாரித்தார்கள். வீட்டுக்காரரின் போனை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். "அன்னைக்கு மழையில என் போன் செத்துப்போச்சுங்க மேடம். அதுல எல்லாம் எழுதியிருக்கேனுங்க" என்றீர்கள். அதற்கு மேல் மேடம் உங்களைப் பேச விடவில்லை. நான் மைக்கை அணைத்துவிட்டு, நல்ல சாக்கு என்று முணுமுணுத்தேன்.

"தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றீர்கள்.

"பலகையில இருக்கறதுதான் எனக்குத் தெரியும்" என்றேன்.

உங்களை நிறுத்திவிட்டார்கள். 'அந்தம்மா போகாமலே எழுதிருமாம்' என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் போனது. அடுத்த நோன்புக்கு நீங்கள் கஞ்சிக்கு வரவில்லை. பெருநாள் முடிந்த மூன்றாவது வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். வந்தேன், ஆனால் வாசலோடு திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்காரர் போனை எடுத்தார். "நானுங்களா? எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அவ பழைய போன்ல போட்டோ இருக்குதேன்னு பஜார்ல குடுத்து சரி பண்ணுனேன். இப்பத்தான் ஆன் ஆச்சு. ஏனுங்க, எதாச்சும் தப்பாயிருச்சுங்களா?"

தப்பு ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டு, குறிப்பைத் திறந்தேன். புதுக்காடு கார்டின் கீழே இருந்தது.

'தம்பி, புதுக்காடுன்னு இங்க தோட்டமே இல்லைங்க. ரெண்டாவது வளைவு மட்டுமில்ல, மேலயும் கீழயும் எறங்கிப் பாத்துட்டேன். கடையில நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன். பர்லியார்ல பழமும் மிளகும்தானுங்க, தேயிலை ஏது? நீங்களே வேணும்னு போட்டு வெச்சீங்களோன்னு ஒரு சந்தேகம். உங்களோட சேந்து எனக்கும் ஒட்டிக்கிச்சு. இருந்தாலும் போய்ப் பாக்காம இல்லைன்னு எழுதக் கூடாதுல்லங்க. பாத்தாச்சு, அதனால முடிச்சுடறேன். மழை பலமா இருக்குது.'

கார்டு மேலே போயிருக்கிறது. குறிப்பு போவதற்குள் போன் நனைந்து அணைந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

அப்போதும் என் புத்தி அடங்கவில்லை, அக்கா. மறுநாள் கொலக்கம்பை பஸ் ஏறினேன். பள்ளத்தில் நாலு தோட்டம் சுற்றினேன். போன் செத்த பிணமாகக் கிடந்தது. திரும்பி ஏறி அந்த டீக்கடை வளைவுக்கு வந்ததும் காலையிலிருந்து வர வேண்டியதெல்லாம் டிங் டிங்கென்று ஒரே நேரத்தில் கொட்டியது. கடைக்காரரிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக்காங்களா? வண்டிய நிறுத்தி, போனைத் தூக்கிப் புடிச்சுட்டு ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. டீ வேணுமான்னு கேட்டா, சர்க்கரைங்க, வேண்டாம்பாங்க. ஒரு நாள்கூட இங்க உக்காந்ததில்லைங்க."

கோவை மேடத்திடம் சொன்னேன். "ப்ராஜக்டே முடிஞ்சு போச்சு. இப்ப எதுக்கு இதெல்லாம்? போர்டை மூடிடுங்க" என்றார். நான் மூடவில்லை. உங்கள் குறிப்புக்குக் கீழே எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதினேன்: 'இது அக்காவைச் சோதிக்க நான் போட்ட பொய்க் கார்டு. அவர் போய்ப் பார்த்தார். நான் போய்ப் பார்க்காமல் அவர் மேல் பழி சொன்னேன்.'

எங்கள் குடோனுக்குப் போய், "அப்படி ஒண்ணும் இல்லைங்க பாய்" என்று திரும்பி வருபவரைத்தான் அத்தா வேலைக்கு வைத்துக்கொள்வார். நீங்களும் இல்லை என்றுதான் எழுதியிருந்தீர்கள்.

என் சந்தேகம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது பார்க்கிற வேறு திட்டத்திலும் யாராவது கார்டை நகர்த்தினால் முதலில் மணியைத்தான் பார்க்கிறேன். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் பஸ் ஏறிவிடுகிறேன்.

புதுக்காடு கார்டை 'முடிந்தது' கட்டத்திலிருந்து எடுத்து, என் பெயரைப் போட்டு, 'செய்ய வேண்டியது' கட்டத்தில் வைத்திருக்கிறேன். உங்களைப் பற்றித் தப்பாகக் கேள்விப்பட்ட தோட்டம் பதினொன்று. ஏழு பேரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் நாலு இருக்கிறது. அங்கெல்லாம் டவர் இல்லை, அக்கா. நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.