மடியில் வைத்த கண்மருந்து

இஞ்சாருங்கோ,

இன்று காலையில் முட்டை எடுக்கப் பிரிஜ்ஜைத் திறந்தேன். முட்டைக்குப் பக்கத்தில் எங்கட பூனை நெத்தலியின் கண்மருந்துப் போத்தல். கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். குளிர் எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நீங்கள் இருந்திருந்தால், "என்னப்பா, உள்ளுக்குப் போய் இருக்கப்போறியோ?" என்று கேட்டிருப்பீர்கள்.

கரையில் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். அன்றிலிருந்து எனக்கு எல்லாம் தூரத்தில் நடக்கிறது போலத்தான். சவப்பெட்டி மூடும்போது உங்கட தங்கச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினா. "வாய் விட்டு அழுங்கோ மச்சாள், உள்ளுக்கு வைச்சிருக்காதேங்கோ." எனக்கு வரவில்லை. சோறு தந்தார்கள், சாப்பிட்டேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து நீங்கள் உடுத்த சாரங்களை ஆருக்காவது கொடுக்க மடித்தேன். கைதான் மடித்தது.

நெத்தலிக்கு மட்டும் அந்த இடது கண் திரும்ப வடியத் தொடங்கியது.

தாழ்வுபாட்டுக் கரையில் கருவாட்டுப் பாய்க்குள் கிடந்த குட்டியை நீங்கள்தான் சட்டைப்பையில் வைத்துச் சைக்கிளில் கொண்டுவந்தீர்கள். "பூனைக்கு ஆரும் மீன்ரை பேர் வைப்பினமோ?" என்றேன். "இது கறிக்கில்லாத நெத்தலி" என்றீர்கள். முதல் தரம் கண் வீங்கினபோது மீன் கூடைக்குள் வைத்து மாட்டு டொக்டரிடம் போனோம். சுற்றிவர மாட்டுக்காரர். "அண்ணை, உது எத்தனை போத்தல் கறக்கும்?" என்று ஒருவர் கேட்டார். "காலமை ரெண்டு, பின்னேரம் ரெண்டு" என்று கையில் இருந்த கீறலைக் காட்டினீர்கள். டொக்டரும் சிரித்தார்.

இந்த முறை நான் தனியத்தான் கொண்டுபோனேன். டொக்டர் சிரிக்கவில்லை. "காலையும் பின்னேரமும் தவறாமல் விடுங்கோ அம்மா. இல்லையெண்டா கண்ணை எடுக்கத்தான் வேணும். மருந்தைப் பிரிஜ்ஜில வையுங்கோ."

அவளைத் துவாயால் சுற்றிப் பிடித்து மருந்து விட்டேன். துளி பட்டதும் கத்திக்கொண்டு அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டாள். பிறகு போத்தலைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழே. பிடிக்க வந்த உங்கட தங்கச்சியும் கடி வாங்கினா. "அண்ணைக்குத்தான் இந்தச் சனியன் அடங்கும்!" என்று கையை உதறிக்கொண்டு போனா. நேற்று அந்தக் கண் பீளை கட்டி ஒட்டிப்போய்க் கிடந்தது.

இன்று பிரிஜ்ஜின் குளிருக்கு முன்னால் நிற்கும்போதுதான் நினைவு வந்தது. நீங்கள் போத்தலை எடுத்ததும் மருந்து விடமாட்டீர்கள். சார மடிக்குள் செருகிக்கொண்டு முற்றத்தில் வலைக் கிழிசல் பொத்த இருந்துவிடுவீர்கள். மறந்துபோய்விட்டீர்கள் என்று நான் ஏசுவேன். "டொக்டர் பிரிஜ்ஜிலதானே வைக்கச் சொன்னவர், மடியிலயோ?"

"வாடைக் காத்துக்க தண்ணி முகத்தில அடிச்சா நான் கண்ணைப் பொத்துறனான். அவளும் சீவன்தானே. கொஞ்சம் எங்கட சூட்டில கிடக்கட்டும்" என்பீர்கள்.

அதற்குப் பிறகுதான் அவளைப் பின்னாலிருந்து அணைத்து, கீழ் இமையை விரலால் இழுத்து, ஒரு துளி. சாரத் தலைப்பால் ஒரு துடைப்பு. அவள் உங்கட மடியிலேயே கிடப்பாள்.

எனக்குச் சாரமும் இல்லை, மடியும் இல்லை. காசுப் பை வைக்கிற மாதிரிச் சட்டைக்குள் போத்தலை வைத்தேன். ஐஸ் மாதிரி நெஞ்சில் பட்டது. திடுக்கிட்டுவிட்டேன். நீங்கள் போன பிறகு என் உடம்பில் ஒன்று படுகிறது என்று தெரிந்தது அப்போதுதான்.

தேத்தண்ணி வைத்தேன். முற்றம் கூட்டினேன். கூட்டி முடிய, போத்தல் இருக்கிறதே தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன், இருந்தது.

கதிரைக்குக் கீழே கிடந்தவளைப் பின்னாலிருந்து தூக்கினேன். வெந்நீரில் நனைத்த துணியால் பீளையை ஊற வைத்துத் துடைத்தேன். துளி விழுந்தது. ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்தாள். ஓடவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள். சிவந்துதான் இருக்குது, ஆனால் பார்வை இருக்குது. என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் சைக்கிள் உருட்டிக்கொண்டு வாற வாசல் படலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அழுகை இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும். பின்னேரம் திரும்ப மருந்து விடவேணும். அதற்குக் கொஞ்சம் முந்தியே போத்தலை எடுத்து நெஞ்சுக்குள் வைப்பேன். ஒரு சின்னப் போத்தலின் குளிரை எடுக்கிற அளவுக்கு என்னில் இன்னும் சூடு இருக்குதப்பா.