வெண்டலின் இடது கை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? இங்கே ஆல்பெர்ட்டாவில் பனி விழத் தொடங்கிவிட்டது. நான் நலம்.

மர ஆலையில் ஒரு சிறு விபத்து. எனக்கு ஒன்றுமில்லை. கூட வேலை செய்யும் வெண்டல் ரம்பத்தடியில் மரத்தூள் தள்ளிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் ரம்பத்தை ஓட்டிவிட்டேன். அவனுக்கு இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. “மெஷின் கோளாறுன்னு சொல்லிடு” என்றார் மேலாளர். என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், “தப்பு என்னோடதுடா, மன்னிச்சிடு” என்றேன்.

“சொல்லிட்டல்ல, உனக்குப் பாரம் குறைஞ்சிருக்கும். நான் இனிமே எப்படிடா பிடில் வாசிப்பேன்?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாரம் குறையவில்லை, அம்மா. தினமும் போகிறேன். சூப்பை மட்டும் ஊட்டவிடுகிறான்.

விரல் பிரிக்காத கம்பளிக் கையுறை ஒன்று பின்னி அனுப்புங்கள். இடது கைக்கு மட்டும் போதும். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் ஆம்ப்ரோஸ்